இரண்டு பக்க வசனம்

'ரூவா' என்று பெயர் வைத்த மகராசன், வாழ்க்கையில் ஒரு தடவையாவது திருச்செங்கோடு டவுன் பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கியிருந்தால் அந்தப் பெயரை வைத்திருக்கவே மாட்டான். சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, நல்லம்மாள் ருவாதி என்ற பாட்டுக்காரியின் முழுப் பெயரை இரண்டாக உடைத்தார்கள். முன்பாதியைக் குப்பையில் போட்டார்கள். பின்பாதியின் வாலையும் நறுக்கிவிட்டு, "ரூவா! ஸ்டைலா இருக்குல்ல?" என்றார்கள். ஸ்டைலாகத்தான் இருந்தது, சேலம் தாண்டுகிற வரைக்கும். மல்லசமுத்திரத்தில் போஸ்டர் ஒட்டிய அன்றைக்கே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார்கள். "எத்தன ரூவாங்க?" என்றான் ஒருத்தன். "சில்லறையா வருமுங்களா?" என்றான் இன்னொருத்தன். பெட்டிக்கடைக்காரர் அவளிடமே நேராகக் கேட்டார்: "ஏன் அம்மிணி, வெக்கறதுதான் வெக்கறாங்க, நூறு ரூவான்னு வெச்சிருந்தா கொஞ்சம் மதிப்பா இருந்திருக்குமில்ல?"

ஊரில் அவள் நல்லிதான். அப்பா வெங்கடாசலம் போர்வெல் ரிக் லாரி ஓட்டியவர். இந்தப் பக்கத்து ரிக் போகாத மாநிலம் ஏது? மிசோரம் மலைக்கு ஒரு வருஷம் துளை போடப் போனார். அங்கே தண்ணீர் கிடைத்ததோ இல்லையோ, லால்ருவாதி என்கிற தையல்காரப் பெண் கிடைத்தாள். கல்யாணம் செய்து லாரியின் முன்சீட்டிலேயே உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். லால்ருவாதி ஊர் வாயில் லல்லி ஆனாள். மகளுக்கு வைத்த பெயரில் பாதி அவரைப் பெற்றவளுடையது, பாதி அவர் கட்டியவளுடையது. முகம் அம்மாவுடையது. பேச்சு மல்லசமுத்திரத்துடையது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது மல்லசமுத்திரத்துக்குப் புரிந்துவிட்டது. சினிமாக்காரர்களுக்குத்தான் புரியவில்லை.

பாட்டில்தான் முதலில் பெயர் வாங்கினாள். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற அந்த பீப் பீப் சத்தத்தையே தாளமாக வைத்து, காலேஜ் படிக்கும்போது ஒரு பாட்டுக் கட்டினாள். அது போன் போனாகத் தாவி, சேலத்துக் கல்யாண மண்டபங்களில் ஆடாத கால் இல்லை என்கிற அளவுக்குப் போனது. சென்னைக் கம்பெனி கூப்பிட்டது. பாட்டோடு நடிப்பும் வந்தது. என்ன நடிப்பு? ஒரு சீரியலில் பியூட்டி பார்லர் பெண். ஒரு படத்தில் சீன உளவாளி. இன்னொன்றில் நேபாளத்துக் கூர்க்காவின் மகள். எல்லாவற்றிலும் வாயசைத்தது அவள், பேசியது வேறு யாரோ. "அந்த முகத்துக்கு இந்தக் கொங்குப் பேச்சு ஒட்டலைம்மா, ஜனங்க குழம்பிடுவாங்க" என்று, கிளிக்குஞ்சு மாதிரிக் கீச்சிடும் ஒரு குரலை வைத்து ஒட்டிவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேலம் தியேட்டரில் உட்காரவைத்தாள். முதல் வசனம் வந்ததும் லல்லியம்மா திகைத்துப்போய், "ஏஞ்சாமி, அன்னைக்கு உனக்குச் சளி புடிச்சிருந்துதா?" என்று கேட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நல்லி பாப்கார்னை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் தனசேகர் வந்தான். இரண்டு குறும்படம் எடுத்த கையோடு முதல் பெரிய படத்துக்கு அலைந்துகொண்டிருந்த இளம் டைரக்டர். ஒரு பாட்டு ஷூட்டிங் இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே, "உங்க வீட்டுக் கதை சொல்லுங்க" என்றான். நல்லி சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னாள்.

அப்பா செத்தது அவளுக்குப் பத்து வயதில். ஆந்திராவில் ரிக்குக் குழாய் சரிந்து விழுந்துவிட்டது. கருமாதியன்று ஒறம்பறை, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது, அப்பாவின் அண்ணன், பெரியப்பா தண்டாயுதபாணி எழுந்து நின்று சொன்னார்: "ஆனது ஆச்சு. நீ உங்கூருக்கே போயிரும்மா. புள்ள எங்களோட இருக்கட்டும்." எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மாதான் பேசினாள். அழுது வீங்கிய முகத்தோடு, குரல் மட்டும் ஆடாமல்: "ஏனுங்க மாமா, என்ற ஊட்டுக்காரரு செத்துப்போனா என்ற ஊடும் செத்துப்போச்சுங்களா? நான் எங்கயும் போகலீங்க. சோறு ஆறுது, சாப்பிட்டுட்டுப் போங்க." அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மா திருச்செங்கோடு ரோட்டில் லாரி சீட்டுக்கு உறை தைக்கிற கடை போட்டாள். இன்றைக்கு அந்த ரோட்டில் லல்லியக்கா கைபடாத லாரி குறைவு.

தனசேகர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இதான்ங்க என் படம். நீங்கதான் உங்க அம்மா. உங்க சொந்தக் குரல்லயே பேசறீங்க" என்றான். நல்லிக்குத் தலைகால் புரியவில்லை. கதாநாயகி! அதுவும் தன் தொண்டையில்! படத்துக்கு நான்கு பாட்டும் அவளே பாடுவதாகப் பேச்சு.

பிறகு இளஞ்செழியன் ஒப்புக்கொண்டார். பெரிய நடிகர். பெயரே தமிழ் மணக்கும். அவர் வந்ததும் கதையில் ஒரு ரிக் டிரைவர் நண்பன் முளைத்தான். நண்பன் வளர்ந்தான். வளர்ந்து வளர்ந்து படத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அதோடு விட்டார்களா? கதாநாயகியின் தமிழை உடைக்க வேண்டும் என்றார்கள். "வெளியூர்ப் பொண்ணு, கொஞ்சம் தப்புத் தப்பாப் பேசினா க்யூட்டா இருக்கும்." அந்தத் தப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, உதவி இயக்குநர் சரிதாவை லல்லியம்மாவின் கடைக்கே அனுப்பினான் தனசேகர். சரிதா கடையில் அரை நாள் போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லல்லியம்மா ஒரு லாரி ஓனரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, போன மாசந்தானுங்க தெச்சுக் குடுத்தேன், அதுக்குள்ள கிழிச்சுட்டு வந்து நிக்கறீங்க. உங்க டிரைவரு சீட்டு மேல உக்காந்து ஓட்டறானா, குதிச்சுக்கிட்டு ஓட்டறானா?"

சரிதா டைரக்டருக்குப் போன் போட்டாள். "சார், அந்தம்மா ஒரு தப்புகூடப் பண்ண மாட்டேங்குது சார்."

"பண்ணச் சொல்லும்மா."

பண்ணச் சொன்னாள். லல்லியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் பாவம், இத்தனை தூரம் வந்த பெண்ணாயிற்றே என்று, வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொன்னாள். மாமியார் மாமனாரை 'ஏனுங்க' என்று கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி அவள் புருஷனை 'ஏனுங்க' என்கிறாள். மளிகைக் கடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கடைக்காரரை 'ஏனுங்க' என்கிறார்கள். "இந்த ஊருல ஆம்பளைங்க அல்லாருக்கும் ஒரே பேருன்னு நெனச்சுட்டேன் கண்ணு. ரேசன் கடையில ஊட்டுக்காரர் பேரென்னன்னு கேட்டாங்க. ஏனுங்கன்னேன். எழுதறதுக்குத்தாம்மா கேக்கறேன்னாரு. மறுக்காவும் ஏனுங்கன்னேன். அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டு, சும்மா ஒரு பேரைக் கேட்டதுக்கு இத்தன கேள்வியாம்மான்னு கோவிச்சுக்கிட்டாரு!"

சரிதாவும் சிரித்தாள், தையல் மெஷின்காரப் பெண்களும் சிரித்தார்கள். நல்ல கதை. தன்னைத்தானே கேலி பண்ணிச் சொல்கிற பெருமனசு இருந்ததால் சொன்னாள். அடுத்த வாரம் அது ஸ்கிரிப்டில் வந்துவிட்டது. வந்த மூன்றாம் மாதத்தில் நடந்ததை, பத்து வருஷம் குடித்தனம் பண்ணி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற பெண் செய்வதாக எழுதியிருந்தார்கள். நல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வருஷம் ஒரு ஊரில் சோறாக்கிச் சாப்பிட்டவளுக்குப் புருஷன் பெயர் தெரியாதா? இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடித்தாள். கடைசிக் காட்சி இருக்கிறதே, கருமாதிக் காட்சி, அதில் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தக் கடைசிக் காட்சி எடுக்கிற அன்று காலையில், மேக்கப் போடும்போது, சரிதா புதுப் பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். அவள் போன வேகத்திலேயே நல்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புரட்டினாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வரி. 'இது என் வீது... நா போவான் இல்லே...' அதற்குக் கீழே ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே இளஞ்செழியனின் பெயர். 'அவளுக்குப் பேச வராதுய்யா! அவளுக்குப் பதிலா நான் பேசறேன்!' என்று ஆரம்பித்து முழுசாக இரண்டு பக்கம். தமிழ்ப் பண்பாடு, தாய்மை, வந்தாரை வாழவைப்பது, எல்லாம் இருந்தது. அவள் அம்மா சொன்ன ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை.

படப்பிடிப்பு மல்லசமுத்திரத்திலேயே. வீட்டில் நடந்த கருமாதியைப் படத்தில் மரத்தடிப் பஞ்சாயத்தாக்கிவிட்டார்கள்; அப்படி ஒன்று நடந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஊரில் ஏதாவது தகராறு என்றால் ஸ்டேஷனுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் திட்டிக்கொள்வார்கள். ஆனால் சினிமாவில் ஆலமரம் இல்லாமல் நியாயம் பிறக்காதே! ஊரெல்லாம் தேடி ஒரு ஆலமரத்தைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றித் தெர்மாகோல் கல்லில் மேடை கட்டியிருந்தார்கள். கூட்டத்துக்கு உள்ளூர் ஆட்களையே பிடித்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் வேஷத்துக்கு மீசையும் உடம்புமாக வாட்டசாட்டமாக ஒரு ஆள் வேண்டும் என்று தேடியபோது, யாரைப் பிடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரியப்பா தண்டாயுதபாணியை!

தனசேகருக்கு அவர் யாரென்று தெரியாது. நல்லி கதை சொன்னபோது பெயர் சொல்லவில்லை. மனிதர் புது வேட்டி கட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, மேடையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். சரிதா வசனம் சொல்லிக்கொடுக்கப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு வசனமெல்லாம் சொல்லித்தர வேண்டாம் அம்மிணி. இது நான் நெசத்துலயே சொன்னதுதான். ஆனது ஆச்சு, நீ உங்கூருக்கே போயிரும்மா. எப்பிடி? சரியா இருக்குதா?"

அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. நல்லி வருவதைப் பார்த்ததும், "வாடா கண்ணு, சாப்பிட்டயா? உம்பட பெரியப்பனும் நடிகனாயிட்டேன் பாத்துக்க" என்று சிரித்தார். நல்லி 'ம்' என்றாள். அவரைக் கோபித்து என்ன பிரயோஜனம்? மனிதர் அன்றைக்கு மனதறிந்து சொன்னார், இன்றைக்குச் சம்பளத்துக்குச் சொல்கிறார். வேறு கதை கட்டி அம்மாவை ஊமையாக்கியது அவர் இல்லையே.

சற்றுத் தள்ளி, படத்தில் வருகிற ரிக் லாரி நின்றது. அதன் சீட்டு பார்க்க நன்றாக இல்லை என்று லல்லியம்மாவையே வரச்சொல்லியிருந்தார்கள். அவள் கேபினுக்குள் உட்கார்ந்து ரெக்ஸினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். நல்லி படியில் ஏறி அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டினாள். 'அவளுக்குப் பேச வராதுய்யா' என்று வந்த இடத்தில் சுத்தியல் நின்றது.

"யாருக்கு?"

"உனக்குத்தாம்மா."

லல்லியம்மா வாயில் வைத்திருந்த ஆணிகளைக் கையில் துப்பினாள். "நான் பேசனதை இன்னொருத்தன் பேசிட்டுப் போறான், எனக்கொண்ணும் குறைஞ்சு போகாது. ஆனா எனக்குப் பேச வராதுன்னு எவனாச்சும் சொன்னா பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேன்னு சொல்லு உன்ற டைரக்டருகிட்ட."

"சொன்னா படத்துல இருந்து தூக்கிருவாங்கம்மா. அப்புறம் மறுக்கா பார்லர் பொண்ணுதான்."

"பார்லர் பொண்ணுன்னா என்ன கேவலமா? வேலைதானே. நீ போயிச் சொல்லு. பயமா இருந்தா சொல்லு, நான் வாரேன்."

பயமாகத்தான் இருந்தது. முதல் கதாநாயகி வாய்ப்பு. மல்லசமுத்திரத்திலிருந்து போன பெண் ஒருத்திக்கு இப்படி ஒன்று இன்னொரு தடவை வருமா? ஆனாலும் அம்மா வர வேண்டாம், இது மகள் பேச வேண்டியது என்று படியிறங்கினாள்.

தனசேகர் மானிட்டர் முன்னால் இருந்தான். அவள் கையிலிருந்த பக்கங்களைப் பார்த்ததுமே அவன் கண் வேறு பக்கம் போனது.

"சார், இதை நான் பேச மாட்டேனுங்க."

"ரூவா, ப்ளீஸ். புரிஞ்சுக்கோ. வெளிச்சம் போயிட்டிருக்கு."

"எம்பேரு நல்லி. நீங்க கண்ணைத் தொடச்சுக்கிட்டுக் கேட்ட கதையில எங்கம்மாதான் பேசினாங்க. யாரும் பதிலுக்குப் பேச வரலை. வந்திருந்தா நான் உங்ககிட்ட அந்தக் கதையைச் சொல்லியே இருக்க மாட்டேன்."

"நீ எப்படி வேணா பேசிக்கோ. டப்பிங்ல மாத்திக்கறேன்."

"உதடு ஒட்டாதுங்க. நான் ஊடுன்னு சொன்னா உதடு குவியும். அதுல போயி வீடுன்னு எப்பிடி ஒட்டுவீங்க?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா. இப்ப கம்ப்யூட்டர்ல உதட்டையே மாத்திடலாம்." சொன்ன பிறகு அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டான்.

குரலை எடுத்தார்கள், பெயரை எடுத்தார்கள், இப்போது வாயையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். மிச்சம் என்ன இருக்கிறது? மூக்கா? கோபம் வந்தால் நல்லிக்கு அழுகை வரும். அன்றைக்கு வரவில்லை.

"சரிங்க. உதட்டை மாத்திக்குங்க. பாட்டை என்ன பண்ணுவீங்க? இன்னும் ரெண்டு பாட்டு பாடாம இருக்குது. படத்தை வாங்கறவங்க அந்தப் பாட்டுக்காகத்தான் வாங்கறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. பாட்டுக்கு ஒரு தொண்டை, பேச்சுக்கு ஒரு தொண்டைன்னு எங்கம்மா என்னையப் பெக்கலீங்க. வேணும்னா ரெண்டையும் எடுத்துக்குங்க. வேண்டாம்னா ரெண்டையும் விட்டுருங்க."

"மிரட்டறியா?"

"ஆமாங்க."

இப்படி ஒரு நேர்ப் பதிலைத் தனசேகர் எதிர்பார்க்கவில்லை. எழுந்து இரண்டு எட்டு வைத்தான், தயாரிப்பாளருக்குப் போன் போட்டான், அவர் என்ன சொன்னாரோ, காதைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தான். அதற்குள் செய்தி கேரவனுக்குப் போய், இளஞ்செழியனே இறங்கி வந்துவிட்டார். கத்தவில்லை. பெரிய ஆட்கள் கத்தமாட்டார்கள். தோளில் கை வைக்கிற மாதிரி ஒரு குரலில் கேட்டார்:

"தங்கச்சி, அந்த சீன்ல நீயே பேசிட்டா அப்புறம் நான் எதுக்கும்மா?"

"அதைத்தானுங்கண்ணா காத்தால இருந்து நானும் கேட்டுக்கிட்டிருக்கறேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இளஞ்செழியனின் முகம் ஒரு கணம் சுருங்கி, மறுபடி புன்னகைக்கு வந்தது. அவரிடம் திறமை இருந்தது, அதைவிடப் பிடிவாதம் அதிகமாக இருந்தது. நூறு படம் பார்த்தவர். பாப் பாட்டுப் பாடுகிற பெண், நீள வசனத்தில் தடுமாறிக் கவிழ்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

"பேசட்டும் தனசேகர். ஒரு டேக். நான் ஃபிரேம்லயே நிக்கறேன். அவங்க முடிச்சதும் என் வசனத்தை நான் எடுத்துக்கறேன். எது நிக்குதோ அதை வெச்சுக்கோ."

எல்லாரும் இடத்துக்குப் போனார்கள். நல்லி மேடைக்கு எதிரே, மண்ணில் நின்றாள். வெள்ளைச் சேலை. பக்கத்தில் ஒரு அடி தள்ளி இளஞ்செழியன், காக்கிச் சட்டையில், முழங்கை வரை சுருட்டிவிட்டு. சுற்றி நிற்கிற முகமெல்லாம் தெரிந்த முகம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி, கோழிப்பண்ணைக்காரர், எத்தனை ரூவா என்று கேட்ட டீக்கடை ஆள். சரிதா கூட்டத்திடம், நல்லி பேசியதும் சிரிக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாள். அதை யாரும் ரத்து செய்யவில்லை.

"ஆக்‌ஷன்!"

தண்டாயுதபாணி மீசையைத் தடவினார். தொண்டையைச் செருமினார். அன்றைக்குச் சொன்ன அதே தோரணையில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்: "ஆனது ஆச்சு. நீ உங்கூருக்கே போயிரும்மா. புள்ள எங்களோட இருக்கட்டும்."

நல்லி வாயைத் திறந்தாள். வந்தது தமிழ் இல்லை. துணியைத் தப்பாக வெட்டிவிட்ட வேலைக்காரியைப் பார்த்து அம்மா கொட்டுகிற நீளமான மிசோ வாக்கியம். நல்லிக்கே அதில் முதல் பாதிதான் முழுசாகப் புரியும். ஆனால் ஏற்ற இறக்கம் அத்தனையும் நாக்கில் இருந்தது. நிதானமாக, பெரியப்பாவின் கண்ணைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

சிரிக்க வேண்டிய கூட்டம் சிரிக்க மறந்துவிட்டது. தண்டாயுதபாணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வசனத்தில் இல்லாததை அவரே கேட்டுவிட்டார்: "என்னம்மா சொல்றே?"

"புரியலீங்களா? அது எங்கூருப் பேச்சுங்க. பரவால்லீங்க, உங்கூருப் பேச்சுலயே சொல்றேன், கேட்டுக்குங்க. இது என்ற ஊடுங்க. என்ற ஊட்டுக்காரரு கையைப் புடிச்சுக் கூட்டியாந்து வெளக்கேத்த வெச்ச ஊடு. அவிய போயிட்டா ஊடும் கூடவே எந்திரிச்சுப் போயிருமுங்களா? எங்கூருக்குப் போக எனக்கு வழி தெரியாம இல்லீங்க. ரயிலும் தெரியும், பஸ்ஸும் தெரியும். போகோணும்னு தோணுச்சுன்னா போவேன், தோணுச்சுன்னா வருவேன். அதை நீங்க சொல்லக் கூடாதுங்க. புள்ள உங்களோட இருக்கட்டும்னீங்க. புள்ளைக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பேரச் சொல்லி அழும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? நான் இங்கதான் இருப்பேன். ஏன்னா எனக்கு இங்க இருக்கோணும்னு இருக்குது. இதுக்கு மேல ஒரு காரணம் வேணுமுங்களா?"

லாரி கேபினிலிருந்து சுத்தியல் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. ஒருவரும் கட் சொல்லவில்லை. இப்போது இளஞ்செழியனின் முறை. அவர் ஒரு அடி முன்னால் வந்தார், கையை உயர்த்தினார், நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். 'அவளுக்குப் பேச வராதுய்யா' என்பதுதான் முதல் வரி. வாய் திறந்தது. அதை எப்படிச் சொல்வது? ஊரே இப்போதுதானே காது குளிரக் கேட்டது. திறந்த வாய் திறந்தபடியே இருந்து, மெல்ல மூடிக்கொண்டது. உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

நல்லி அவர் பக்கம் திரும்பவே இல்லை. மேடையில் இருந்தவரைப் பார்த்தே இன்னும் ஒரு அடி வைத்தாள்.

"எங்கூருப் பேச்சுல சொன்னேன், உங்களுக்குப் புரியலை. உங்கூருப் பேச்சுல சொல்லிட்டேன், உங்களுக்குப் பதில் வரலை. இப்பச் சொல்லுங்க பெரியவரே, பேச வராதது யாருக்குங்க?"

தண்டாயுதபாணி அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டவர்களும். பவுடர் பூசிய நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. கடைசியில் மனிதர் கேமராவுக்குப் பின்னால் இருந்த தனசேகரிடம் பாவமாகக் கேட்டார்:

"தம்பி, இதுக்கு நான் என்னங்க சொல்லோணும்?"

தனசேகர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், அடிக்குரலில் சொன்னான்:

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்கய்யா. அப்படியே உக்காந்திருங்க. கேமரா ஓடிட்டிருக்கு."